தசையழற்சி: எண் குறைந்தால் நோய் குறைந்ததா?

1992-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தசையழற்சி நோயால் நலிந்த 39 பேர் அதில் பங்கெடுத்தார்கள். மூன்று குழுக்கள். முதல் குழுவினருக்கு இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து மாற்றினார்கள். இரண்டாவது குழுவினருக்கு வெள்ளையணுக்களை வடித்தெடுத்தார்கள். மூன்றாவது குழுவினரை அதே இயந்திரத்தோடு இணைத்தார்கள், ஆனால் எதையும் எடுக்கவில்லை. ஒரு மாதத்தில் பன்னிரண்டு முறை இப்படி நடந்தது. பிளாஸ்மா மாற்றப்பட்டவர்களின் இரத்தத்தில் தசை நொதிகளின் அளவு தெளிவாக இறங்கியது. பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்தால் சிகிச்சை வென்றுவிட்டது என்றே எவரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் கையைத் தூக்கச் சொல்லி, காலை மடக்கச் சொல்லி வலிமையைச் சோதித்தபோது, போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் ஒரு படிகூட முன்னேறியிருக்கவில்லை.

இந்த நோயை அளப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் அந்த ஒரு சோதனைக்குள் அடங்கியிருக்கிறது. எதை அளக்கிறோம்? அளந்த எண்ணுக்கும் படுக்கையிலிருந்து எழ முடியாத மனிதருக்கும் என்ன உறவு? கடந்த முப்பது ஆண்டுகளில் வாதநோய் மருத்துவர்களும் நரம்பியல் மருத்துவர்களும் இந்தக் கேள்விக்குப் பல விடைகளைத் தந்திருக்கிறார்கள். சில நன்றாகவே நிற்கின்றன. சில நோயாளியை விட்டு விலகிப்போயிருக்கின்றன.

தசையழற்சி என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தத் தசையையே தாக்கும் அரிய நோய்களின் தொகுப்பு. தோலில் ஊதா நிறத் தடிப்புகளோடு வரும் டெர்மடோமயோசைடிஸ், தோலைத் தொடாத பாலிமயோசைடிஸ், தசைநார்கள் கூட்டம் கூட்டமாக மடியும் நெக்ரோடைசிங் வகை, நுரையீரலையும் மூட்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஆன்டி-சிந்தடேஸ் வகை, ஐம்பது வயதுக்கு மேல் மெல்ல மெல்ல வரும் இன்க்ளூஷன் பாடி மயோசைடிஸ், குழந்தைகளுக்கு வரும் டெர்மடோமயோசைடிஸ் ஆகியவை முக்கியமானவை. 1975-இல் போஹன், பீட்டர் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த விதிகளே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நோயைக் கண்டறியும் அளவுகோலாக இருந்தன. 2017-இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் கூடிப் புதிய வகைப்பாட்டைத் தந்தன. ஆனால் ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று கண்டறிவது ஒரு வேலை; அது எவ்வளவு கடுமை, மருந்துக்குப் பின் எவ்வளவு தணிந்தது என்று அளப்பது வேறு வேலை. இரண்டாவதுதான் இங்கே நம் பேச்சு.

இந்த அளவையின் அடிப்படைச் சிக்கலை ஓர் உவமையால் சொல்லிவிடலாம். கூரை எரிந்துகொண்டிருப்பது ஒன்று, எரிந்து முடிந்து கரியாகிக் கிடப்பது வேறு. இரண்டிலும் வீட்டுக்குள் மழை கொட்டும். தசையில் அழற்சி நடந்துகொண்டிருந்தாலும் நோயாளி படியேற முடியாது; அழற்சி அடங்கி, தசை இருந்த இடத்தில் கொழுப்பு நிரம்பிவிட்டாலும் படியேற முடியாது. முன்னதற்கு மருந்தைக் கூட்ட வேண்டும். பின்னதற்கு மருந்தைக் கூட்டினால் நோயாளிக்குக் கிடைப்பது பக்கவிளைவு மட்டுமே. இதற்குமேல் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு அந்த மருந்தே தொடையையும் தோளையும் மெலியச் செய்யும். நோய் தந்த பலவீனமா, நோய் விட்டுச்சென்ற பலவீனமா, மருந்து தந்த பலவீனமா? நோயாளிக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சையோ ஒன்றுக்கொன்று நேரெதிர்.

கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியை மருத்துவமனைகளில் சுருக்கமாக சி.கே. என்பார்கள். தசைநார் சிதைந்தால் அது இரத்தத்தில் கசியும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறினாலும், சுமார் 200 அலகுக்குள் இருந்தால் இயல்பு எனக் கொள்கிறார்கள். பாலிமயோசைடிஸிலும் நெக்ரோடைசிங் வகையிலும் அது பல ஆயிரங்களைத் தொடும். ஒரு குழாய் இரத்தம் போதும், சில மணி நேரத்தில் எண் வந்துவிடும், ஒவ்வொரு வருகையிலும் முந்தையதோடு ஒப்பிடலாம். அதனால்தான் நம் ஊர்களில் நோயாளியும் குடும்பத்தாரும் "சி.கே. எவ்வளவு இறங்கியிருக்கு?" என்ற ஒரே கேள்வியோடு மருத்துவரின் அறைக்குள் நுழைகிறார்கள். மருத்துவரும் பல வேளை அந்த எண்ணைப் பார்த்தே மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிறார்.

அந்த எண்ணை நம்பக் கூடாத இடங்கள் நிறைய. டெர்மடோமயோசைடிஸில் தசை கடுமையாக நலிந்திருக்கும்போதே சி.கே. இயல்பாக இருப்பதுண்டு, குழந்தைகளிடம் இது இன்னும் சாதாரணம். நோய் முற்றித் தசை பெரும்பாலும் அழிந்துவிட்டால், கசிவதற்கு நொதியே மிச்சமிருக்காது. அப்போதும் எண் இறங்கும். அந்த இறக்கத்தை நலம் என்று படித்தால் எவ்வளவு பெரிய தவறு! மறுபுறம், கடும் உடற்பயிற்சி, தசையில் போட்ட ஊசி, கொழுப்பைக் குறைக்கத் தரும் ஸ்டேட்டின் மாத்திரை எல்லாம் எண்ணை ஏற்றிவிடும். உடலில் தசை மிகுந்த ஆணின் இயல்பு அளவு, ஒல்லியான மூதாட்டியின் இயல்பு அளவைவிட அதிகம். ஆய்வகத் தாளில் இருவருக்கும் பெரும்பாலும் ஒரே எல்லைதான் அச்சாகிறது. சிகிச்சை தொடங்கியபின் நொதி முதலில் இறங்கும், வலிமை வாரங்கள் கழித்துத்தான் திரும்பும். இந்த இடைவெளியில் மருந்தைக் குறைக்க அவசரப்படுபவர்களும் உண்டு, மருந்து பலிக்கவில்லை என்று சோர்ந்துபோகிறவர்களும் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதனால் நோயாளிகள் மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற நொதிகளைக் கல்லீரல் பரிசோதனையின் பகுதியாகவே எல்லோரும் அறிவார்கள். அவை தசையிலும் இருக்கின்றன. தசை அழியும்போது அவையும் ஏறும். சோர்வோடு வந்தவருக்கு இந்த இரண்டும் கூடியிருந்தால் "கல்லீரல் கோளாறு" என்று முடிவுகட்டி, ஸ்கேன் எடுத்து, சில வேளை திசு எடுத்துப் பார்ப்பதுவரை போகிறார்கள். ஜி.ஜி.டி. என்ற நொதி தசையிலிருந்து வருவதில்லை. அது இயல்பாக இருந்து மற்ற இரண்டும் ஏறியிருந்தால் சி.கே.யைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நொதியைவிட நம்பகமானது எது? நேரடியாக வலிமையைச் சோதிப்பது. இந்த முறை போலியோவின் காலத்தில் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ராபர்ட் லோவெட்டும் அவருடைய உதவியாளர்களும், போலியோ தாக்கிய குழந்தைகளின் தசைகளை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நரம்பு அறுபட்ட வீரர்களுக்காகப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 0 முதல் 5 வரையிலான அளவைப் பரப்பியது: தசையில் சிறு துடிப்பும் இல்லையென்றால் 0, புவியீர்ப்பை மீறித் தூக்க முடிந்தால் 3, முழு எதிர்ப்பையும் தாங்கினால் 5. மருத்துவ மாணவர்கள் இன்றும் இதைத்தான் கற்கிறார்கள். ஆனால் தசையழற்சிக்கு இது போதாது. நோயாளிகளில் பெரும்பாலோர் 4 என்ற ஒரே படியில் குவிந்துவிடுவார்கள். மருந்து பலித்தாலும் அந்த 4, 4-ஆகவே இருக்கும்.

அதனால் 0 முதல் 10 வரையிலான விரிந்த அளவைத் தேர்ந்து, உடலில் எட்டுத் தசைக் குழுக்களை மட்டும் பொறுக்கியெடுத்தார்கள். கழுத்தை முன்னே வளைக்கும் தசை, தோளின் டெல்டாய்டு, மேற்கையின் பைசெப்ஸ், மணிக்கட்டை நிமிர்த்தும் தசை, பிட்டத்தின் பெருந்தசை, இடுப்பின் பக்கவாட்டுத் தசை, முன்தொடைத் தசை, கணுக்காலை மேலே தூக்கும் தசை. ஒரு பக்கம் மட்டும் சோதித்தால் முழு மதிப்பெண் 80. இரு பக்கமும் சேர்த்தால், கழுத்து ஒன்றே என்பதால், 150. இதை எம்.எம்.டி.-8 என்கிறார்கள். கட்டிலும் பயிற்சி பெற்ற கையும் போதும், மின்சாரம்கூடத் தேவையில்லை. இன்னும் பல தசைகளைச் சோதிக்கும் பழைய நீண்ட முறைக்கு இது ஏறத்தாழ நிகராகவே நிற்கிறது என்று ஒப்பிட்டுக் கண்டிருக்கிறார்கள்.

குறையும் உண்டு. சோதிப்பவர் மாறினால் மதிப்பெண் மாறும். ஆகவே ஒரே நோயாளியை ஒரே கை சோதிப்பது நல்லது. வயலில் உழைத்த ஒருவருடைய முன்தொடை பாதி வலிமையை இழந்த பிறகும் சோதிக்கும் மருத்துவரின் கையை வென்றுவிடலாம்; தாளில் 10 என்று விழும், அவரோ மாடிப்படி ஏறக் கைப்பிடியைத் தேடுவார். விசையைக் கிலோவில் காட்டும் கையடக்கக் கருவி இந்த உச்சவரம்புக் குறையைக் கொஞ்சம் நீக்கும். இன்னொரு குறை களைப்பு பற்றியது. ஒருமுறை முழு வலிமையோடு தூக்க முடிந்தவரால் பத்து முறை தூக்க முடியாமல் போகலாம். ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஹெலென் அலெக்சாண்டர்சனும் உடன் பணியாற்றியவர்களும் இதற்காகவே ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து எண்ணும் தேர்வை உருவாக்கினார்கள். அதே குழுவின் ஆய்வுகளுக்கு நோயாளிகள் இன்னொரு கடனும் பட்டிருக்கிறார்கள். தசையழற்சி உள்ளவர் உடற்பயிற்சி செய்தால் அழற்சி கூடும் என்று மருத்துவம் நெடுங்காலம் அஞ்சி, ஓய்வையே விதித்து வந்தது. முறையாக அளந்துபார்த்தபோது வீட்டிலேயே செய்யும் அளவான பயிற்சி அழற்சியைக் கூட்டவில்லை, வலிமையைக் கூட்டியது. ஒழுங்கான அளவை இல்லாதிருந்தால் அந்த அச்சம் இன்னும் எத்தனை பேரின் தசையைப் படுக்கையிலேயே கரைத்திருக்குமோ!

குழந்தைகளுக்கு வேறு வழி. எதிர்ப்பைத் தாங்கு என்றால் நான்கு வயதுக் குழந்தைக்குப் புரியாது. அதனால் பதினான்கு செயல்கள் கொண்ட அளவையை வைத்திருக்கிறார்கள். சுருக்கப் பெயர் சி.எம்.ஏ.எஸ். மல்லாந்து படுத்துத் தலையை எத்தனை வினாடி தூக்கிப் பிடிக்க முடிகிறது, கைகளை எவ்வளவு நேரம் உயர்த்தி வைக்க முடிகிறது, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, சிறு முக்காலியில் ஏற முடிகிறதா, கீழே கிடக்கும் பென்சிலைக் குனிந்து எடுக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். மொத்தம் 52. முழு நலத்தோடு இருக்கும் நான்கைந்து வயதுக் குழந்தையும் பெரும்பாலும் 52-ஐத் தொடாது என்பதை இதைப் பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். வயதுக்குரிய இயல்பை அறியாமல் படித்தால் நலமான குழந்தையும் நோயாளியாகத் தெரியும்.

தசையோடு நோய் நிற்பதில்லை. டெர்மடோமயோசைடிஸில் கண்ணிமை ஊதாவாகும், விரல் முட்டிகளில் தடிப்பு எழும், அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் விக்டோரியா வெர்த் வழிநடத்தி உருவாக்கிய சி.டி.ஏ.எஸ்.ஐ. என்ற அளவை உடலைப் பதினைந்து பகுதிகளாகப் பிரித்து, நடப்பு நோய்க்கு 100 வரையும், தங்கிவிட்ட சேதத்துக்கு 32 வரையும் தனித்தனியே மதிப்பெண் தருகிறது. நடப்பையும் சேதத்தையும் இப்படிப் பிரித்துவைத்ததுதான் அதன் பெருமை. ஆனால் சிவப்பின் அளவைக் கொண்டு மதிப்பெண் போடும் எந்த முறையும் நம்முடைய மாநிறத்திலும் கருநிறத்திலும் தடுமாறும். நம் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த கருமையாகவோ தெரியும். பழகாத கண் அதைப் பழைய தழும்பு என்று கடந்துவிடும்.

நுரையீரல் இன்னும் முக்கியம், ஏனெனில் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. எம்.டி.ஏ.-5 என்ற எதிர்ப்பொருள் உள்ள வகையை 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முதலில் அடையாளம் கண்டார்கள். அதில் தசை பலவீனமே இல்லாமலிருக்கலாம், சி.கே. இயல்பாகவே இருக்கலாம், ஆனால் சில வாரங்களில் நுரையீரல் இறுகிவிடும். இந்த வகை உள்ளவர்களின் நோய்க் கடுமையை மூச்சுத் திறன் சோதனையிலும், உயர் தெளிவுத்திறன் சி.டி. படத்திலும், இரத்தத்தின் ஃபெரிட்டின் அளவிலும்தான் தேட வேண்டும்.

இனி, நோயாளியே சொல்வது. 1980-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் மூட்டுவாதக்காரர்களுக்காக எழுதிய கேள்வித்தாள் எச்.ஏ.கியூ. உடுத்துவது, எழுவது, உண்பது, நடப்பது பற்றிக் கேட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண் தரும். தசையழற்சிக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதில் கேட்கும் வாழ்க்கை மேற்கத்திய வீட்டின் வாழ்க்கை. இதை உணர்ந்து டெல்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2002-இல் இந்திய வடிவம் ஒன்றை வெளியிட்டார்கள். குந்தி உட்கார முடிகிறதா, சம்மணமிட முடிகிறதா, ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா, காய்கறிச் சந்தைக்குப் போய்வர முடிகிறதா என்று அது கேட்கிறது. அதுவும் மூட்டுவாதத்துக்காக எழுதப்பட்டதுதான். ஆனாலும் இடுப்பும் தொடையும் முதலில் வலுவிழக்கும் தசையழற்சிக்கு இந்தக் கேள்விகளைவிடப் பொருத்தமானவை வேறில்லை என்றே எனக்குப் படுகிறது. நாற்காலியிலிருந்து எழுபவர் தேறிவிட்டார் என்று எழுதிவிடலாம். தரையிலிருந்து எழ முடியாதவர் நம் வீடுகளில் இன்னும் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ்கிறார்.

இத்தனை அளவைகள் தனித்தனியே கிடந்தால் ஒரு மருந்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ஆகவே ஐமாக்ஸ் என்று அழைக்கப்படும் பன்னாட்டுக் குழு ஆறு அடிப்படை அளவைகளைத் தேர்ந்தது: மருத்துவரின் ஒட்டுமொத்த மதிப்பீடு, நோயாளியின் ஒட்டுமொத்த மதிப்பீடு, தசை வலிமை, எச்.ஏ.கியூ., தசை நொதி, தசைக்கு வெளியே உள்ள நோய். முதலிரண்டும் பத்து சென்டிமீட்டர் கோட்டில் புள்ளி வைத்துக் காட்டுபவை. 2004-இல் வகுத்த விதி எளிமையானது: ஆறில் எவையேனும் மூன்று 20 விழுக்காடு தேறியிருந்தால், இரண்டுக்கு மேல் 25 விழுக்காடு மோசமாகாதிருந்தால், அதிலும் மோசமானது தசை வலிமையாக இல்லாதிருந்தால், அது முன்னேற்றம்.

இந்த விதி ஒரு பெரிய சோதனையில் இடறியது. ரிட்டுக்ஸிமாப் மருந்தை 200 நோயாளிகளிடம் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து தொடக்கத்திலேயே, மீதிப் பேருக்கு எட்டு வாரம் தள்ளி. முதலில் பெற்றவர்கள் முதலில் தேறுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. இரு குழுவுமே ஏறத்தாழ 20 வாரத்தில்தான் முன்னேற்றத்தைத் தொட்டன. கணக்குப்படி சோதனை தோற்றது. ஆனால் மொத்தத்தில் 83 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். மற்ற மருந்துகளுக்கு நோய் அடங்காதவர்கள் அவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மருந்து பலிக்கவில்லையா, அளவுகோல் வேறுபாட்டைக் காணவில்லையா? எட்டு வார இடைவெளி மிகக் குறுகியது என்பது என் எண்ணம். மருந்து வேலைசெய்யத் தொடங்கவே அதற்குமேல் ஆகிறது. அதோடு, தேறியது அல்லது தேறவில்லை என்று இரண்டே விடை தரும் விதி, இடையிலுள்ள நெடுந்தூரத்தை விழுங்கிவிட்டது.

அந்த இடறலுக்குப் பிறகு வந்ததுதான் இன்று பெரும்பாலான சோதனைகள் பின்பற்றும் முறை. அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2016-இல் ஏற்று, 2017-இல் வெளியிட்டன. அதே ஆறு அளவைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு மாறியது என்பதற்கேற்ப மதிப்பெண் தந்து, கூட்டி, 0 முதல் 100 வரையிலான ஒரே எண்ணாக்குகிறார்கள். பெரியவர்களுக்கு 20 தொட்டால் சிறு முன்னேற்றம், 40 தொட்டால் நடுத்தர முன்னேற்றம், 60 தொட்டால் பெரு முன்னேற்றம். குழந்தைகளுக்கு எல்லை இன்னும் கடினம்: 30, 45, 70.

எந்த அளவைக்கு எவ்வளவு எடை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தசை வலிமைக்கு அதிகபட்சம் 32.5. மருத்துவரின் மதிப்பீட்டுக்கு 20. தசைக்கு வெளியே உள்ள நோய்க்கு 20. நோயாளியின் மதிப்பீட்டுக்கு 10. எச்.ஏ.கியூ.வுக்கு 10. தசை நொதிகளுக்கு வெறும் 7.5.

உலகெங்கும் இந்த நோயையே பார்த்துவரும் வல்லுநர்கள் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் விவரங்களைச் சீர்தூக்கி இந்த எடைகளை வகுத்தார்கள். நொதி முழுவதுமாக இயல்புக்குத் திரும்பி வேறு எதுவும் மாறாவிட்டால், அவருக்குக் கிடைப்பது 7.5, சிறு முன்னேற்றத்தின் எல்லையான 20-ஐக்கூட அது எட்டாது. இப்போது எதிர்ப்பக்கம் பார்ப்போம். ஒருவரின் தசை வலிமை 80-க்கு 60-இலிருந்து 72-ஆகிறது. அது 15 விழுக்காட்டு மாற்றம், 20 மதிப்பெண். மருத்துவரின் மதிப்பீடு 6-இலிருந்து 4-ஆகிறது, 15 மதிப்பெண். நோயாளியின் மதிப்பீடு 7-இலிருந்து 6, அதற்கு 2.5. எச்.ஏ.கியூ. 1.5-இலிருந்து 1.2, அதற்கு 5. தசைக்கு வெளியே உள்ள நோய் 3-இலிருந்து 2, அதற்கு 7.5. கூட்டினால் 50. நொதி ஓர் அலகுகூட இறங்காமலே அவர் நடுத்தர முன்னேற்றம் கண்டுவிட்டார். வெளிநோயாளி அறையில் முதலிடம் பெறும் எண், வல்லுநர்களின் தராசில் கடைசி இடத்தில் இருக்கிறது. இதை நோயாளிகளுக்கு யாரேனும் சொல்ல வேண்டாமா?

இந்தப் புதிய அளவுகோல் ஒரு மருந்துக்கு அங்கீகாரம் பெற்றுத் தந்தது. சிரை வழியாகச் செலுத்தும் இம்யூனோகுளோபுலினை டெர்மடோமயோசைடிஸ் உள்ள 95 பேரிடம் 16 வாரம் சோதித்தார்கள். 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. முழு விவரம் 2022-இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் 79 விழுக்காட்டினர் 20-ஐத் தொட்டார்கள். போலி மருந்து பெற்றவர்களிலும் 44 விழுக்காட்டினர் தொட்டார்கள்! 40 என்ற எல்லையில் 68-க்கு 23. 60 என்ற எல்லையில் 32-க்கு 8.

போலி மருந்தில் 44 விழுக்காடு எப்படி வந்தது? நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் சோதனையில் சேர்கிறார்; அதன்பின் தானாகவே கொஞ்சம் தணியும். பழைய மருந்துகளையும் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். புது மருந்து என்ற நம்பிக்கை, நோயாளியும் மருத்துவரும் பத்து சென்டிமீட்டர் கோட்டில் வைக்கும் புள்ளிகளைச் சேர்த்தே நகர்த்தும். நூறில் முப்பது மதிப்பெண் அந்த இரண்டு புள்ளிகளிடம் இருக்கிறது. ஆகவே 20 என்ற எல்லை மிகத் தாழ்வு என்பதே என் தீர்ப்பு. மருந்துக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு 40-இல்தான் மிக அகலமாக, 45 விழுக்காடாக விரிகிறது. இனி வரும் சோதனைகள் 40-ஐயே வெற்றியின் எல்லையாகக் கொள்வது நேர்மை.

இன்னொரு குறை இந்த முறையின் அடித்தளத்திலேயே இருக்கிறது. அது மாற்றத்தை அளக்கிறது, நிலையை அளப்பதில்லை. படுத்த படுக்கையாக இருந்தவர் சக்கர நாற்காலிக்கு வந்தால் 50 வாங்கலாம். தோல் மட்டும் எரிந்துகொண்டிருக்கும், வலிமை குறையாத ஒருவர் முழுக் குணமடைந்தாலும் 50 வாங்குவது கடினம், ஏனெனில் தசைக்குரிய 32.5 அவருக்குக் கிடைக்க வழியே இல்லை. நோய் அடங்கிவிட்டது என்று எப்போது சொல்வது என்ற கேள்விக்கும் இதில் விடை இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் ஒரு விடை உண்டு. ஐரோப்பாவை மையமாகக் கொண்ட பிரின்டோ குழு 2013-இல் நான்கு வரம்புகளைத் தந்தது: சி.கே. 150-க்குள், சி.எம்.ஏ.எஸ். 48-க்குக் குறையாமல், எம்.எம்.டி.-8 எண்பதுக்கு 78-க்குக் குறையாமல், மருத்துவரின் மதிப்பீடு 0.2-க்குள். நான்கில் மூன்று அமைந்தால் நோய் அடங்கியது. தசைக்கு இது சரி. ஆனால் தோலில் நோய் எஞ்சியிருக்கும் குழந்தையும் மற்ற மூன்றின் துணையோடு நோய் அடங்கியதாகக் கணக்காகிவிடும் என்பதைப் பிறகு சுட்டிக்காட்டினார்கள்; மருத்துவரின் மதிப்பீடு கட்டாயம் அமைய வேண்டும் என்று திருத்தம் கேட்டார்கள். நியாயமான திருத்தம்.

இன்க்ளூஷன் பாடி மயோசைடிஸ் இந்தக் கணக்கு எதற்குள்ளும் அடங்காது. அது விரல்களை மடக்கும் தசையையும் முன்தொடையையும் குறிவைக்கும், இடம் வலம் சமமாக இருக்காது, ஸ்டீராய்டுக்கு அசையாது, ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து போகும். எம்.எம்.டி.-8-இன் எட்டுத் தசைகளில் விரல் மடக்கும் தசை இல்லவே இல்லை. சாவியைத் திருப்ப முடியாதவர் அங்கே நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். இந்த நோய்க்கென்றே விழுங்குதல், கையெழுத்து, உணவை நறுக்குதல், நடை, படியேறுதல் என்று பத்துச் செயல்களுக்கு 40 மதிப்பெண் தரும் தனி அளவை இருக்கிறது. பிமாக்ருமாப் என்ற மருந்தை 251 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு 1992-இன் பாடத்தை வேறு உருவில் சொன்னது. மருந்து உடலின் தசைப் பருமனைக் கூட்டியது. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரமோ போலி மருந்து பெற்றவர்களைவிடக் கூடவில்லை. அன்று நொதி இறங்கியும் வலிமை வரவில்லை. இங்கே தசை வளர்ந்தும் நடை வரவில்லை.

நடப்பையும் சேதத்தையும் பிரித்துக்காட்டுவதில் எம்.ஆர்.ஐ. படம் இன்றைக்குக் கிடைப்பவற்றில் சிறந்தது. ஒருவகைப் படத்தில் அழற்சியின் நீர்க்கோப்பு வெண்மையாக ஒளிரும். இன்னொருவகைப் படத்தில் தசையை விழுங்கிய கொழுப்பு தெரியும். மருந்தைக் கூட்டுவதா நிறுத்துவதா என்று தடுமாறும்போது ஒரு தொடைப் படம் பல மாத ஊகத்தைத் தீர்த்துவிடும். மாதாமாதம் எடுக்கக் கட்டுபடியாகாது என்பதே தடை. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் தடயங்களை இரத்தத்தில் தேடும் ஆய்வுகளும் வளர்கின்றன. அளவைகளோடு சிகிச்சையும் மாறிவருகிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் நோயாளியின் சொந்த வெள்ளையணுக்களை மாற்றியமைத்துச் செலுத்தும் கார்-டி சிகிச்சையை லூபஸ், தசையழற்சி, தோல் இறுக்கநோய் உள்ள 15 பேருக்குத் தந்து 2024-இல் அறிவித்தார்கள். அவர்களில் தசையழற்சி உள்ளவர்கள் மூவர். மூவரும் பெரு முன்னேற்றத்தின் எல்லையைத் தாண்டினார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளையும் நிறுத்த முடிந்தது. மூவரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாதுதான். ஆனால் மருந்துகள் இவ்வளவு வலுவாகும்போது, சேதம் தங்குவதற்கு முன்பே யாருக்கு அவற்றைத் தர வேண்டும் என்று சொல்லும் அளவுகோல் நம்மிடம் வேண்டும். அது இன்னும் இல்லை.

இந்தியாவிலும் வேலை நடக்கிறது. லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகத்தில் மயோசைட் என்ற பெயரில் தசையழற்சி நோயாளிகளின் விவரங்களை ஒரே ஒழுங்கில் பதிந்து வருகிறார்கள். இத்தகைய பதிவு இல்லாத இடங்களில் நடப்பதென்ன? நோயாளியின் கோப்பில் பத்து சி.கே. தாள்கள் இருக்கும், வலிமை பற்றி "தேவலை" என்ற ஒரு சொல் இருக்கும். ஓராண்டு கழித்து வேறு மருத்துவர் அதைத் திறந்தால் நோய் ஏறியதா இறங்கியதா என்று அவரால் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு மட்டும் தொடர்ந்துகொண்டிருக்கும்.

எம்.எம்.டி.-8-க்குச் சில நிமிடங்கள் போதும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பழக்கினால் எந்த அரசு மருத்துவமனையிலும் செய்யலாம். அதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து முப்பது வினாடியில் எத்தனை முறை எழ முடிகிறது, தரையிலிருந்து தானாக எழ முடிகிறதா என்ற இரண்டையும் தேதி போட்டு எழுதினால் மிகப்பெரிய ஆதாயம். இந்த நோயோடு வாழ்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சி.கே. எவ்வளவு என்று கேட்பதற்கு முன், என் வலிமையைச் சோதித்து எண்ணாக எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.